உடன்வரு பொருள் விசாரம்

சாஸ்திரம் எழுதப் புகுவோர் விஷயம், பிரயோஜனம், சம்பந்தம், அதிகாரி என்னும் நான்கையும் முதலிற் சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும் என்பது முன்னோர் வகுத்த நியதியாதலால், அந்த நியதியை மீறி இந்தச் சிறு நூலின் கௌரவத்தைக் குறைத்துக்கொள்ள விரும்பாமல், நாமும் அவற்றை முறைப்படி சொல்லியே தொடங்குகிறோம். விஷயமாவது, கணினியில் ஒரு மென்பொருளை நிறுவும்போது நாம் கேளாமலே அதனுடன் வந்து புகுந்துகொள்ளும் மற்றொரு மென்பொருளும், அது நம்மைப் பற்றித் திரட்டிக்கொண்டு போகும் செய்திகளுமாம். அதிகாரியாவார், "நெக்ஸ்ட்" என்ற பொத்தானை ஒருமுறையேனும் படியாமல் அமுக்கியவர்; ஆகவே இந்த நூலைக் கற்கத் தகுதியற்றவர் என்று இந்நாளில் எவரையும் தள்ளிவைக்க இயலாது. பிரயோஜனம் உண்டா என்பதை வாசகரே தீர்மானித்துக்கொள்ளலாம். சம்பந்தம் ஒன்றைப் பற்றி மட்டும் வாய் திறவாமல் விடுகிறோம். வேண்டிய பொருளுக்கும் உடன்வந்த பொருளுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதே இந்த ஆராய்ச்சிக்குக் காரணமான வியாதி.

தஞ்சை சரஸ்வதி மகாலில் யானைக்குச் சாஸ்திரம் இருக்கிறது, குதிரைக்குச் சாஸ்திரம் இருக்கிறது, சரபோஜி மன்னரின் அரண்மனைச் சமையலுக்கும் சரபேந்திர பாக சாஸ்திரம் என்று ஒன்று இருந்து அச்சேறியும் இருக்கிறது. இத்தனை விஷயங்களை விடாமல் ஆராய்ந்த ஒரு ஊரில், இன்றைக்கு ஜனங்களின் வீட்டு விவகாரங்களை யானையையும் குதிரையையும் காட்டிலும் வேகமாகச் சுமந்து வெளியே கொண்டுபோகிற ஒரு சதுரக் கட்டத்தைப் பற்றி ஒருவரும் ஒரு சூத்திரங்கூட இயற்றாமல் விட்டது பண்டித உலகத்துக்கு நேர்ந்த பெரிய குறை என்றே கருதுகிறோம். அந்தக் குறையை நிவர்த்தி செய்வதே நம் நோக்கம்.

கட்டத்தின் லட்சணம் வருமாறு. அதன் வடிவம் சதுரம். அதன் அளவு, திரையின்மீது ஒரு பொன்னி நெல்லைக் கிடத்தினால் மறைந்துபோகக்கூடியது. அதன் இருப்பிடம், கண் கடைசியாகப் போகிற இடது கீழ்மூலை. அதன் உள்ளே "டிக்" என்று வழங்கும் குறி ஒன்று, நாம் அந்தப் பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே, யாரோ ஒரு புண்ணியவானால் நம் சார்பில் போடப்பட்டிருக்கும். அந்தக் குறியே கட்டத்தின் ஜீவன். அது இல்லாத கட்டம் வெறும் கோடுகள் நான்கு. அதற்குப் பக்கத்தில் ஓடும் வாசகம் சாம்பல் நிறத்திலும் மிகச் சிறிய எழுத்திலும் அமைந்திருக்க, "நெக்ஸ்ட்" என்ற பொத்தானோ கலியாண வீட்டு வாசல் அளவுக்கு விசாலமாகவும் பளிச்சென்றும் நம்மை வரவேற்றபடி நிற்கும்.

கட்டத்தின் உறவினர் சிலரையும் இங்கே அறிமுகப்படுத்துவது அவசியம். "ரெகமெண்டட்" என்றும் "கஸ்டம்" என்றும் இரண்டு வழிகள் காட்டப்படும் இடத்தில், முதல் வழி தடித்த எழுத்தில் இருக்கும். இரண்டாவதோ ஏதோ பெரிய படிப்புப் படித்தவர்கள் மட்டும் போகவேண்டிய அபாயகரமான பாதை என்று அச்சுறுத்தும் தோரணையில் மங்கிக் கிடக்கும். டிக்கை எடுக்கும் சுதந்திரமோ அந்த மங்கிய பாதையில்தான் வைக்கப்பட்டிருக்கும். இன்னொரு இனத்தில் கட்டமே இராது. ஒரே அமைப்பில் இரண்டு ஒப்பந்தப் பக்கங்கள் அடுத்தடுத்து வரும், இரண்டிலும் "ஐ அக்ரீ" என்ற பொத்தான் ஒரே இடத்தில் இருக்கும். முதல் சம்மதம் நாம் கேட்ட நிரலுக்கு, இரண்டாவது சம்மதம் நாம் கேளாத நிரலுக்கு. இரண்டாவது பக்கத்தில் மறுப்பதற்குரிய பொத்தானும் உண்டு. ஆனால் அது செயலிழந்த பொத்தான்களுக்கு உரிய வெளிறிய வண்ணம் பூசிக்கொண்டிருப்பதால், அமுக்கினால் வேலை செய்யாது என்று எண்ணி நல்லவர்கள் அதைத் தொந்தரவு செய்வதில்லை.

இந்தக் கலையின் பூர்வீகத்தை ஆராயப் புகுந்தால், நம் ஊரிலேயே அதற்குச் சான்று கிடைக்கிறது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றை அவிழ்த்தால் அதனுள் ஒரு நூலுக்குப் பதில் இரண்டு மூன்று நூல்கள் சேர்ந்து கட்டப்பட்டிருப்பது சகஜம். வைத்திய நூலைத் தேடி அவிழ்த்தவருக்கு அதே கட்டில் ஜோதிடமும் கிடைக்கும். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்து 1880-இல் வெளியிட்ட பர்னெல் துரை இந்தக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்து எத்தனை பெருமூச்சு விட்டிருப்பார் என்பது நம் ஊகத்துக்கு உரியது. ஆயினும் நியாயத்தை மறைக்கலாகாது. கூடவே கட்டப்பட்ட ஜோதிடச் சுவடி, வைத்தியச் சுவடியைப் படிக்கிறவர் யார், எத்தனை மணிக்குப் படித்தார், எந்த ஏட்டில் அதிக நேரம் நின்றார் என்று குறிப்பெடுத்து மூன்றாவது மனிதருக்கு விற்றதாக பர்னெல் அட்டவணை கூறவில்லை. ஆகவே அதைப் பூர்வீகம் என்று கொள்வதற்கில்லை.

அதைவிட நெருங்கிய சான்று பெரிய கோயில் சுவரில் இருக்கிறது. முதலாம் ராஜராஜன் தன் கோயிலில் ஊழியம் செய்யச் சோழ தேசத்துப் பல கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை வரவழைத்துக் குடியமர்த்தி, ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், இங்கே எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருக்கிறாள் என்ற விவரம் அனைத்தையும் கல்லில் வெட்டுவித்தான். இன்றைய சட்டக்காரர்கள் "தனிநபர் தரவு" என்று சொல்வது இதைத்தான். அதை இத்தனை பகிரங்கமாக வெளியிட்ட அரசாங்கம் வேறொன்று இருந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் அதே கல்வெட்டு, இந்த விவரம் எதற்காக எழுதப்பட்டது என்பதையும் ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறது: பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். பங்குதாரர் இறந்தாலோ வேறிடம் போனாலோ அந்தப் பங்கு யாருக்குப் போக வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. என்ன விவரம் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள், பதிலுக்கு என்ன தந்தார்கள் என்ற மூன்று கேள்விக்கும் கல்லே விடை சொல்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து, கல்லையும் உளியையும் விடப் பன்மடங்கு வசதி படைத்த ஒரு திரையில், அந்த மூன்றில் ஒன்றுக்குக்கூட நேரான விடை கிடைப்பதில்லை. நூறு கலம் நெல்லைப் பற்றிப் பேச்சே இல்லை.

இனி பிரத்யட்சப் பிரமாணம். கும்பகோணத்துக்கும் திருவையாற்றுக்கும் இடையே உள்ள ஒரு ஊரில், கலியாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் ஒரே கணினியில் தயாராகும் ஒரு டி.டி.பி. கடையில், சில ஆண்டுகளுக்கு முன் நாம் நின்றுகொண்டிருந்தபோது, சிட்டா நகல் எடுக்க ஒரு பெரியவர் வந்தார். கடைப் பையன் பிரௌசரைத் திறந்தான். திரையின் மேல்பாதி முழுவதும் பட்டை பட்டையாக டூல்பார்கள். ஒன்றில் பூதக்கண்ணாடிப் படத்தோடு ஒரு தேடற்பெட்டி. அதன் கீழே இன்னொரு தேடற்பெட்டி. மூன்றாவது பட்டையில் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். நான்காவது பட்டை, கோடைப் புழுக்கத்தில் விசிறியும் ஓடாத அந்தக் கடைக்குள், நியூயார்க் நகரில் இன்று லேசான குளிர் என்று தெரிவித்துக்கொண்டிருந்தது. எஞ்சிய ஒரு சாண் இடத்தில்தான் தமிழ்நாடு அரசின் நிலப்பதிவேடு எட்டிப் பார்த்தது.

"என்ன தம்பி இது, பாதித் திரையை அடைச்சுக்கிட்டு?" என்றார் பெரியவர்.

"அது தானா வந்துருச்சு பெரியப்பா. ஏதோ பி.டி.எஃப். மாத்துறதுக்கு ஒண்ணு ஏத்துனேன், கூடவே வந்துருச்சு."

"தானா எப்படிப்பா வரும்? காவேரித் தண்ணிகூட இப்ப தானா வர்றதில்ல. ஜூன் பன்னெண்டுக்கு மேட்டூரத் தெறப்பானான்னு பாத்துக்கிட்டு, தெறந்தாலும் கடைமடைக்கு எப்ப வரும்னு வாய்க்கால் கரையில நிக்கிறோம்."

"நெக்ஸ்ட்டு, நெக்ஸ்ட்டுன்னு அமுக்குனா வரும் பெரியப்பா."

"அப்ப மேட்டூர்லயும் யாரையாச்சும் அதை அமுக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, பெரியவர் தம் பட்டா எண்ணையும் கிராமத்தின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்ல, பையன் அந்தப் பட்டைகளுக்குக் கீழே தட்டச்சு செய்தான். சர்வே எண்ணும் பரப்பும் திரைக்குக் கீழே போய்விட்டபடியால் இழுத்து இழுத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பையன் சொன்ன "தானா வந்துருச்சு" என்ற வாக்கியம் இந்த இயலின் மையச் சூத்திரமாகும். அதில் பொய் இல்லை. அவன் அறிந்து எதையும் கேட்கவில்லை. ஆனால் டூல்பாரின் சொந்தக்காரரைக் கேட்டால், "அவர் சம்மதித்தே நிறுவினார், இதோ நேரமும் தேதியும்" என்று கணக்கை எடுத்துக் காட்டுவார். அதிலும் பொய் இல்லை. கொடுத்தவனுக்கே தெரியாமல் கொடுக்கப்பட்ட சம்மதம் என்னும் இந்த விசித்திரப் பொருளை உற்பத்தி செய்வதற்கென்றே ஒரு தனித் தொழில் வளர்ந்தது என்பதை வாசகர் அறிதல் வேண்டும்.

அந்தத் தொழிலின் கணக்கு எளியது. இலவச நிரல் எழுதுகிறவனுக்கு வருமானம் இல்லை. டூல்பார் வைத்திருக்கிறவனுக்கோ தன் சரக்கை விரும்பி வாங்குவார் இல்லை. இருவருக்கும் நடுவே ஒரு தரகர். ஒரு கணினியில் ஏறினால் இவ்வளவு என்று டூல்பார்க்காரன் கொடுப்பதைத் தரகரும் நிரல் ஆசிரியரும் பகிர்ந்துகொள்வர். கூகுள் நிறுவனத்தாரும் நியூயார்க் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு நிறுவலுக்குக் கிடைத்த விலை 10 சென்ட் முதல் ஒன்றரை டாலர் வரை. வாரந்தோறும் இந்த வழியில் நடந்த பதிவிறக்க முயற்சிகள் 6 கோடிக்கும் மேல். அது, பச்சையாகத் தீங்கு செய்யவென்றே எழுதப்பட்ட நிரல்களின் பதிவிறக்கத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. இந்த ஆய்வில் பங்குகொண்ட கூகுளே ஒரு காலத்தில் தன் டூல்பாரையும் பிறகு தன் பிரௌசரையும் பிறருடைய நிரல்களின் தோளில் ஏற்றி அனுப்பிவைத்த நிறுவனந்தான் என்பதை, அந்த ஆய்வின் பெருமையைக் குறைக்கும் எண்ணமின்றி, ஓரக் குறிப்பாகச் சொல்லி வைக்கிறோம்.

இங்கே சாதாரண வாசகர் கவனிக்காமல் விடும் நுட்பம் ஒன்று உண்டு. எந்தக் கணினிக்கு எந்தச் சரக்கைக் காட்டுவது என்று தரகரின் நிரல் எப்படித் தீர்மானிக்கிறது? நிறுவும் பக்கம் திறந்த மாத்திரத்தில், இந்தக் கணினி எந்த நாட்டில் இருக்கிறது, எந்த விண்டோஸ், எந்த பிரௌசர், காவல் நிரல் ஏதேனும் இருக்கிறதா, இதற்கு முன் யாருடைய டூல்பார் ஏறியிருக்கிறது என்றெல்லாம் அது மேய்ந்து பார்த்துத் தன் தலைமையகத்துக்குத் தெரிவித்து, அங்கிருந்து வரும் உத்தரவுப்படியே கட்டத்தை வரைகிறது. அதாவது, "உங்களைப் பற்றிய செய்திகளை எடுத்துக்கொள்ளலாமா?" என்ற கேள்வி திரையில் தோன்றுவதற்கு முன்பே முதற்கட்டச் செய்திகள் கப்பலேறிவிடுகின்றன. டிக்கை எடுத்துவிட்ட புத்திசாலியும் இந்த முதற் சோதனைக்குத் தப்பியவர் அல்லர்.

வரலாற்றில் புகழ்பெற்ற சில பிரயோகங்களைக் குறிப்பிடாமல் போனால் நூல் நிறைவு பெறாது. கணினி வலைப்பின்னலின் பாதுகாப்பைச் சோதிக்கும் என்மேப் என்ற கருவியை ஃபியோதர் என்ற புனைபெயருடைய கோர்டன் லயன் இலவசமாக வழங்கிவர, டவுன்லோட்.காம் என்னும் தளத்தார் 2011-இல் அதைத் தம்முடைய நிறுவுநிரல் ஒன்றுக்குள் வைத்துச் சுற்றி, கூடவே ஒரு டூல்பாரையும் வைத்து, பிரௌசரின் முகப்பையும் தேடற்பொறியையும் மாற்றும் ஏற்பாட்டோடு வழங்கினர். ஆசிரியர் உலகறியக் கூச்சலிட்ட பிறகு மன்னிப்புக் கேட்டனர். வீட்டுக்குப் பூட்டு விற்கிறவன் பெயரிலேயே சாவிக்காரனை அனுப்பிய கதை இது. இலவச மென்பொருள்களின் புகலிடம் என்று பெயர் பெற்றிருந்த சோர்ஸ்ஃபோர்ஜும் 2013-இல் இந்த வழிக்கு வந்தது. ஓவிய நிரலான கிம்பின் ஆசிரியர்கள் அவ்வாண்டே அங்கிருந்து வெளியேற, 2015-இல் அவர்கள் விட்டுச் சென்ற பக்கத்தைத் தளத்தாரே எடுத்துக்கொண்டு உடன்வரு பொருளோடு வழங்கியதால் பெரிய ரகளை ஏற்பட்டது. தளம் கைமாறிய பின், 2016-இல் புதிய உரிமையாளர்கள் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டனர்.

இவை எல்லாவற்றிலும் கலைநயம் மிக்கது என்று நாம் பரிசு வழங்கக்கூடியது ஜாவாவுடன் வந்த ஆஸ்க் டூல்பார். ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவா நிரலுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்து அதை ஏற்றும்போதெல்லாம் டிக்குடன் ஒரு கட்டம் வரும். தெரியாமல் விட்டுவிட்ட ஒருவர், ஐயோ என்று உடனே கண்ட்ரோல் பேனலுக்கு ஓடி அதை நீக்கப் பார்த்தால், அங்கே அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஏனென்றால், 2013 ஜனவரியில் விஷயமறிந்தோர் கண்டு வெளியிட்டபடி, டூல்பாரின் நிறுவுநிரல் ஜாவா ஏறி முடிந்த பிறகும் பத்து நிமிடம் ஒளிந்து காத்திருந்தே வேலையைத் தொடங்கியது. நம்முடைய பதற்றம் அடங்கி, ஒன்றும் வரவில்லை என்ற நிம்மதியோடு காப்பி குடிக்கப் போகும் வேளையே அதற்குச் சுப முகூர்த்தம். மனித சுபாவத்தை இவ்வளவு துல்லியமாக அளந்தவர்கள் அந்தத் திறமையை ஒரு நாவல் எழுதுவதில் செலவிட்டிருந்தால் இலக்கியம் பிழைத்திருக்கும்.

கட்டமே இல்லாமல், கணினி கடையிலிருந்து வரும்போதே உள்ளே உட்கார்ந்து வந்த இனமும் உண்டு. 2014 செப்டம்பர் முதல் சில மாதங்கள் லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரல் அவ்வாறு வந்தது. வங்கிக் கணக்கு முதலியவற்றுக்கு நாம் நம்பியிருக்கும் மறையாக்கத்தையே அது நடுவில் புகுந்து பிரித்துப் படித்தது என்பதோடு, அதற்காக எல்லாக் கணினியிலும் ஒரே ரகசியச் சாவியை வைத்திருந்தது என்பதும் 2015 பிப்ரவரியில் அம்பலமாயிற்று. காவலுக்கென்றே வந்த அவாஸ்ட் நிரலின் சரித்திரமோ இன்னும் உருக்கமானது. ஒற்றுப் பார்ப்பதைத் தடுப்பதாகச் சொல்லி ஏறிய அது, பயன்படுத்துவோர் எந்தெந்தப் பக்கங்களுக்குப் போனார்கள் என்பதைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற தன் கிளை நிறுவனத்தின் வழியே 2020 வரை விற்றது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-இல் அதை 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த உத்தரவிட்டது.

இத்துணை சொன்ன பிறகும் பூர்வபட்சிகள் சும்மா இருக்கமாட்டார்கள். காய்கறிக்காரி கத்தரிக்காயோடு ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுகிறாள், அதை யாராவது வேண்டாம் என்கிறார்களா, அதுபோல இதையும் பாவித்துக்கொண்டு போகவேண்டியதுதானே என்பது அவர்கள் முதல் வாதம். இதற்குச் சமாதானம்: கொசுறாக வந்த கறிவேப்பிலை நம் வீட்டுக்கு வந்தபின் குழம்பில் கிடக்குமேயன்றி, பீரோவைத் திறந்து பத்திரங்களைப் படிப்பதில்லை, நாம் வீசி எறிந்தால் குப்பையிலேயே கிடக்கும், மறுநாள் காலையில் திரும்பவும் அஞ்சறைப் பெட்டிக்குள் இருப்பதில்லை. தவிரவும், கொசுறு என்பது வாங்குகிறவர் கேட்டு விற்கிறவர் கொடுப்பது.

இரண்டாவது வாதம் சற்றுக் கனமானது. நம் பக்கத்துக் கிராமங்களில் அடிக்கடி கேட்பது. "நமக்கென்னப்பா ரகசியம் இருக்கு? யாருக்கு எத்தனை மா நிலம், எந்த வயல் ஒத்தியில இருக்கு, சொசைட்டியில எவ்வளவு பாக்கி, எல்லாம் ஊருக்கே தெரியும்" என்பர். உண்மைதான். அக்கிரகாரத்துத் திண்ணையும் குடியானத் தெருவின் டீக்கடை பெஞ்சும் அறியாத குடும்பச் செய்தி ஒன்றும் இல்லை. ஆனால் திண்ணைக்கு ஒரு தர்மம் இருந்தது: என் கடன் விவரம் உமக்குத் தெரியும் என்றால், உம் மகன் பட்டணத்தில் செய்த காரியம் எனக்கும் தெரியும். இருபுறமும் தெரிந்திருந்தபடியால் இருபுறமும் அடங்கி நடந்தது. டூல்பாரின் உரிமையாளர் நம் சர்வே எண் வரைக்கும் அறிந்திருக்க, அவர் பெயர் என்ன, எந்த ஊர், நம் செய்தியை யாரிடம் எவ்வளவுக்கு விற்றார் என்பதில் ஒன்றும் நமக்குத் தெரியாது. ஊருக்குத் தெரிவது வேறு, ஊர்பேர் தெரியாதவனுக்குத் தெரிவது வேறு.

உடன்வரு பொருளின் இயல்பு தஞ்சை ஜில்லா விவசாயிக்குப் புதிதல்ல என்பதையும் ஈண்டு விரித்துச் சொல்ல வேண்டும். குறுவை நட்டு, மேலுரம் போடவேண்டிய வாரத்தில் யூரியாவுக்குத் தட்டுப்பாடு வரும். உரக்கடைக்குப் போனால் 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அந்த விலையில் மூட்டை இருக்கிறது, ஆனால் கூடவே நுண்ணூட்டப் பொட்டலமோ நானோ யூரியா பாட்டிலோ வாங்கினால்தான் இருக்கிறது. வேண்டாமென்றால் சரக்கு நாளைக்குத்தான் வரும். இப்படி இணைப் பொருளைக் கட்டாயப்படுத்தக்கூடாது, செய்தால் உரிமம் ரத்து என்று அதிகாரிகள் பருவந்தோறும் அறிக்கை விடுவதே அது பருவந்தோறும் நடக்கிறது என்பதற்கு அத்தாட்சி. 2018 முதல் உரம் வாங்க பி.ஓ.எஸ். மெஷினில் ஆதாரோ வேறு அடையாளமோ பதிந்தாக வேண்டுமென்பதால், எத்தனை மூட்டை யார் வாங்கினார் என்ற கணக்கும் சேர்ந்தே போகிறது. இது மானியக் கணக்குக்கு என்று சொல்லப்படுகிறது. காரணம் தெரிந்த வரையில் அதில் நமக்கு ஆட்சேபமில்லை.

பயிர்க் காப்பீட்டிலும் இந்தக் கட்டத்தின் சாயல் ஒன்று இருக்கிறது. பிரதம மந்திரி திட்டத்தில் கடன் வாங்கிய விவசாயிக்குக் காப்பீடு கட்டாயம் என்றிருந்ததை 2020-இல் விருப்பம் என்று மாற்றினார்கள். ஆனால் வேண்டாதவர் கெடுவுக்கு ஏழு நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும், கொடாவிட்டால் சேர்த்துக்கொள்ளப்படுவார். காப்பீடு நல்லதே, புயலும் வெள்ளமும் வருகிற பூமியில் அதை வேண்டாமென்பார் குறைவு. ஆனாலும் டிக் முன்கூட்டியே போடப்பட்டிருக்கிறது என்பதைச் சாஸ்திர சுத்தத்துக்காகப் பதிந்து வைக்கிறோம்.

யூரியாக் கடைக்கும் கணினிக்கும் உள்ள பேதம் எங்கே என்றால், ஏமாந்தோம் என்ற ஞானத்தில். நானோ பாட்டில் கையில் இருக்கிறது. அதற்குக் கொடுத்த ரூபாய் மடியிலிருந்து போனது தெரிகிறது. கோபம் வந்தால் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று, பாட்டில்களை மாலையாகக் கட்டிப் போட்டுக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கலாம், படமும் பத்திரிகையில் வரும். டூல்பாரை எதில் கோத்து மாலை கட்டுவது? அது எடுத்துக்கொண்ட விலை மடியில் குறையவில்லை. எடுக்கப்பட்ட பிறகும் நம்மிடமே இருக்கும் ஒரே சொத்து செய்திதான். அதனால்தான் களவு போனது தெரிவதில்லை.

எனவே சித்தாந்தம் இதுவாக அமைகிறது. இந்த வியாபாரத்தில் கட்டி விற்கப்படுவது மென்பொருளோடு மென்பொருள் அன்று. ஒரு சம்மதத்தின் முதுகில் இன்னொரு சம்மதம். மௌனம் சம்மதம் என்று நம்மில் ஒரு பேச்சு உண்டு. பெண் பார்க்க வந்த இடத்தில் தலை குனிந்திருந்த பெண்ணுக்கு அதைப் பொருத்திப் பார்த்து நாம் செய்த அநியாயங்களே போதும். அதைக் கணினித் திரைக்கும் கொண்டுவந்து, டிக்கை எடுக்காத மௌனத்தைக் கையெழுத்தாகக் கொள்வது பொருந்தாது. நீதிமன்றங்களுக்கும் மெல்ல மெல்ல இது விளங்கியிருக்கிறது. பிளானட்49 என்ற பரிசுப்போட்டித் தளத்தின் வழக்கில், முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் சம்மதமாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று தீர்ப்பளித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமித்துச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24. வாங்குபவர் கூடையில் அவரறியாமல் சரக்கைச் சேர்ப்பது, சம்பந்தமில்லாத சேவையைக் கட்டாயப்படுத்துவது முதலான 13 தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பெயர் சொல்லித் தடை செய்தது.

நாம் மிகவும் நம்பிக்கை வைத்திருப்பது 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவில். சம்மதம் சுதந்திரமாகவும், குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் உரியதாகவும், விஷயம் தெரிந்ததாகவும், நிபந்தனையற்றதாகவும், ஐயத்துக்கு இடமில்லாததாகவும், தெளிவான ஒரு செயலால் தெரிவிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தக் காரியத்துக்கு அவசியமான செய்திக்கு மேல் ஒன்றும் கேட்கலாகாது என்கிறது. எல்லாவற்றிலும் மேலாக, சம்மதம் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழி எதிலுமோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. அந்த அட்டவணையில் தமிழ் இருக்கிறது. சாம்பல் நிறச் சிற்றெழுத்து ஆங்கிலத்தில் இருந்த வரையில் அதற்கு ஒரு கம்பீரம் இருந்தது. "உம்முடைய பிரௌசரின் முகப்பை நாங்கள் மாற்றுவோம், நீர் போகிற பக்கமெல்லாம் கூடவே வந்து குறித்துக்கொள்வோம், குறித்ததை எங்களுக்கு வேண்டியவர்களுக்குக் கொடுப்போம், இதற்கு நீர் இசைகிறீரா?" என்று நல்ல தமிழில் எழுதி அந்தச் சிட்டாக் கடைப் பெரியவரிடம் படித்துக் காட்டினால், அவர் சொல்லும் பதிலை இந்தப் பத்திரிகையில் அச்சிட இயலாது.

சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். அதுவரையில் காவிரிப் படுகையின் பிரௌசிங் கடை, டி.டி.பி. கடை, ஜெராக்ஸ் கடைத் தம்பிகளுக்கு ஒரு விண்ணப்பம். நிரல் வேண்டுமானால் அதை எழுதியவருடைய சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். "ரெகமெண்டட்" என்பதை விட்டு "கஸ்டம்" என்பதை அமுக்கி, கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளரின் ஆதாரையும் சிட்டாவையும் அச்செடுத்துக் கொடுத்தவுடன், டவுன்லோட்ஸில் கிடக்கும் அந்த பி.டி.எஃப்.களையும் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.